பிறந்த வீட்டுக்கு ஹாரன் அடித்த கார்!

குட்டீஸ், உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் மேல் தட்டிலோ பழைய போட்டோ ஆல்பம் ஒன்று இருக்கும். எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு காரின் மேல் கை வைத்தபடி விறைப்பாக நிற்கும் படம் ஒன்றாவது கிடைக்கும். 'இது யாரு கார் தாத்தா?' என்று கேட்டுப் பாருங்கள். காரின் நிறம், வாங்கிய விலை, விற்ற விலை, நம்பர் பிளேட்டில் இருந்த எண் என்று வரிசையாக வந்து விழும். நேற்று மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற தாத்தாவுக்கு, முப்பது நாற்பது வருடத்துக்கு முன்பு கைவிட்டுப் போன காரின் எண் மட்டும் மறப்பதே இல்லை!

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கார் இருந்தது. அதன் பெயர் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'.

கேள்விப்பட்டது இல்லையா? அதில் ஆச்சரியம் இல்லை. அம்பாசடர் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான கார் அது. பிரீமியர் பத்மினி மும்பைக்காரி. அங்கே கறுப்பும் மஞ்சளுமாக டாக்சியாக ஓடி, 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களுக்கு டாட்டா சொன்னாள். இந்த இரண்டு கார்களோடு மூன்றாவதாக ஒன்று நம் நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ஹெரால்டு. அது எங்கே தயாரானது தெரியுமா? நம்ம சென்னையில்! சரியாகச் சொன்னால், வண்டலூர் பக்கத்தில்.

ஆமாம், நீங்கள் சிங்கம், புலி பார்க்கப் போகிறீர்களே, அதே வண்டலூர்தான். உயிரியல் பூங்கா அங்கே வந்தது 1985இல். அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பக்கம் கார்கள் பிறந்துகொண்டிருந்தன.

மூன்று நிமிடத்தில் ஒரு கார்!

ஹெரால்டுக்குப் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே 'டிரையம்ப் ஹெரால்டு' என்று பெயர். ஹெரால்டு என்றால் ராஜா வருவதை முன்னால் வந்து அறிவிப்பவர். நம் தெருக்கூத்தில் வருவாரே கட்டியக்காரர், அவரேதான்! கார் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அலிக் டிக் ஒரு படகு வைத்திருந்தார். அந்தப் படகின் பெயரையே புதுக் காருக்கும் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கார் பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1950களில் மற்ற நிறுவனங்கள் எல்லாம் காரின் உடம்பையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, முட்டை ஓடு மாதிரி ஒரே கூடாகச் செய்யத் தொடங்கியிருந்தன. இன்று உங்கள் தெருவில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால், ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். அவர்களுக்குக் கார் உடம்பு செய்து தந்துகொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. 'இனி புதுக் காருக்கு நாங்கள் செய்து தர மாட்டோம்' என்று கையை விரித்துவிட்டார்கள்.

என்ன செய்வது? யோசித்தார்கள். மாட்டுவண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே சட்டம் தனி. மேலே கூண்டு தனி. கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சட்டத்தில் நெல்மூட்டை ஏற்றலாம். ஹெரால்டையும் அந்த மாதிரியே செய்தார்கள். அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு இடத்தில் செய்துகொள்ளலாம் அல்லவா? இதற்கு அழகான வடிவம் வரைந்து கொடுத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர்.

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் காரை அறிமுகம் செய்தார்கள். பாட்டுக் கச்சேரி நடக்கும் பெரிய அரங்கம் அது. மேடையில் பாகங்களைக் கொண்டுவந்து, எல்லோர் கண் முன்னாலும் மெக்கானிக்குகள் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள். எவ்வளவு நேரத்தில் தெரியுமா? மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்! நமக்கு ஷூ லேஸ் கட்டவே சில நாள் அவ்வளவு நேரம் ஆகிறது.

1961இல் ஹெரால்டு சென்னைக்கு வந்தது. 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற நிறுவனம் அதற்கு முன்பே வேன்கார்டு, டென், பென்னன்ட் என்றெல்லாம் கார்கள் செய்துகொண்டிருந்தது. முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின்சீட்டில் உட்கார வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். பட்டுப்புடவை கட்டிய பாட்டிகளை அப்படி நுழையச் சொன்னால் நடக்கிற காரியமா? 1960களின் இறுதியில் நான்கு கதவு வைத்த ஹெரால்டு சென்னையில் தயாரானது. இங்கிலாந்தில்கூட இந்த நான்கு கதவு ஹெரால்டு கிடையாது!

எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த நான்கு கதவு வண்டிதான்.

அப்பத்தாவின் பிளசர்

எங்கள் ஊர் திருச்சி. உறையூரில் அப்பா ஒரு சின்ன மருந்துக் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காத்திருக்கப் பொறுமையும் கிடையாது, புதுக் காருக்குப் பணமும் கிடையாது. 1976இல் தஞ்சாவூர் டாக்டர் ஒருவரிடமிருந்து ஏழு வருடம் ஓடிய ஹெரால்டை அப்பா வாங்கி வந்தார். வான நீல நிறம். அப்போது எனக்கு ஒன்பது வயது. உங்களில் பலருக்கு இப்போது இருக்கிற வயது!

அப்பத்தா ஆரத்தி எடுத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, 'பிளசர் நல்லா இருக்குடா' என்றார். அந்தக் காலக் கிராமத்துப் பெரியவர்கள் காரைப் 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். சந்தோஷத்துக்காகப் போகிற வண்டி என்பதால் வந்த பெயர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! எங்கள் அப்பத்தா கடைசி வரை அதைக் கார் என்று சொன்னதே இல்லை.

ஹெரால்டு செய்யும் வித்தைகளில் முதலாவது, அதன் பானெட். மற்ற கார்களில் எஞ்சினுக்கு மேல் இருக்கும் மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் உட்பட முன்பக்கம் முழுவதும் அப்படியே எழுந்து முன்னால் சாயும். மாடு தலையைக் குனிந்து தொட்டியில் தண்ணீர் குடிக்குமே, அந்த மாதிரி மூக்கைத் தரையை நோக்கிக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். எஞ்சின், ரேடியேட்டர், முன் சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில் தெரியும். எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்ட பாலக்கரை மெக்கானிக் பாய், முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, டீ குடித்தபடி வேலை பார்ப்பார். தெருப் பிள்ளைகள் சுற்றி நிற்போம். இது என்ன, அது என்ன என்று கேட்டால் கோபிக்காமல் பதில் சொல்வார்.

அப்படித்தான் 'ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு' என்ற பாட்டு எங்களுக்குப் பாடமானது. ஹெரால்டு எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பார்க் பிளக். அந்தப் பிளக் தரும் தீப்பொறியில் பெட்ரோலும் காற்றும் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்கும் ஒரே நேரத்தில் எரிந்தால் எஞ்சின் குலுங்கிப் போய்விடும். முறை வைத்துத்தான் எரிய வேண்டும். அந்த முறை 1, 2, 3, 4 அல்ல. 1, 3, 4, 2. ஒரே பக்கமாக உதை விழாமல் மாறி மாறி விழுவதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். பிளக் ஒயர்களைக் கழற்றினால் இதே வரிசையில்தான் திரும்ப மாட்ட வேண்டும். ஒன்றை மாற்றி மாட்டினாலும் எஞ்சின் இருமும், தும்மும், ஓடாது. பாய் ஒயர்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார். நாங்கள் கோரஸாகச் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு தடுமாறிய என் தம்பிக்கு இது மட்டும் தூக்கத்தில்கூட வரும்.

இரண்டாவது வித்தை, திரும்புவது. உறையூர்ச் சந்துகளில் அம்பாசடர் வந்தால் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் திரும்பும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் ஒரே மூச்சில் திரும்பிவிடும். லண்டன் டாக்சிகள் 25 அடிக்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு விதியே உண்டு. எங்கள் உறையூர்ப் பிளசர் லண்டன் டாக்சிக்குச் சமம்! இதற்காகவே சில நாள் மாலையில் தெருமுனை வரை போய், காரணமே இல்லாமல் திரும்பி வருவோம். அப்பா பெட்ரோல் வீணாகிறது என்று சொல்லிக்கொண்டேதான் திருப்புவார்.

அதற்குப் பிடிக்காத விஷயங்களும் இருந்தன. வண்டி முழுக்க நிற்பதற்கு முன்னால் முதல் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று உறுமும். வேகம் வேறுபட்ட பல் சக்கரங்களை உரசாமல் சேர்த்துவைக்க ஓர் ஏற்பாடு உண்டு. அது ஹெரால்டில் மற்ற மூன்று கியர்களுக்குத்தான் இருந்தது. 'அதுக்குப் புடிக்கலடா, நிறுத்திட்டுப் போடு' என்று அப்பத்தா பின்சீட்டிலிருந்து சொல்வார். கியர் என்றால் என்னவென்றே தெரியாதவர் சொன்னது அப்படியே சரி!

இன்னொன்று, பின் சக்கரங்கள். லாரிக்கு அடியில் பட்டைப் பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பீர்கள். ஹெரால்டில் அதுபோன்ற ஒன்றைக் குறுக்கே வில் மாதிரி வைத்து, இரண்டு பின் சக்கரங்களையும் தனித்தனியாக ஆடும்படி அதில் கோத்திருந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். முட்டிபோட்டு உட்காரப் போகிற மாதிரி இருக்கும்! மேடு பள்ளச் சாலையில் இது சுகம். வளைவில் வேகமாகப் போனால் ஆபத்து. அதனால் அப்பா வளைவு வருவதற்கு வெகு தூரம் முன்பே வேகத்தைக் குறைப்பார். பின்னால் வரும் லாரிக்காரர்கள் திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மே மாதப் பயணம்

ஒவ்வொரு மே மாதமும் சென்னையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். முன்சீட்டில் அப்பா, அவர் பக்கத்தில் அம்மா மடியில் தம்பி. பின்சீட்டில் அப்பத்தா, அக்கா, நான், சித்தப்பாவின் இரண்டு பிள்ளைகள். சீட் பெல்ட் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. (நீங்கள் இப்படிப் போகக்கூடாது. கட்டாயம் பெல்ட் போட வேண்டும். அப்பா மறந்தாலும் நினைவுபடுத்துங்கள்!) ஏ.சி. கிடையாது. வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சின் சீட்டில் அரைக்கால் டிரவுசரோடு உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்காக அப்பத்தா பழைய சேலை ஒன்றை மடித்து விரித்து வைத்திருப்பார்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பாடாலூர், பெரம்பலூர், தொழுதூர், உளுந்தூர்பேட்டை என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டு போவோம். மணிக்கு அறுபது கிலோமீட்டர். அதற்கு மேல் அப்பா போக மாட்டார்.

வெயில் ஏறியதும் சில சமயம் எஞ்சின் இழுக்காமல் நின்றுவிடும். அந்தக் காலக் கார்கள் எல்லாவற்றுக்குமே இந்தக் குணம் உண்டு. ஏன் தெரியுமா? தொட்டியில் இருக்கும் பெட்ரோலை எஞ்சினுக்கு இழுத்துக் கொடுக்க ஒரு சின்னப் பம்ப் இருக்கும். எஞ்சின் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் சூடாகிவிடும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிற பொருள் அல்லவா? குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழ் கட்டிவிடும். நீர்மத்தை இழுக்கத் தெரிந்த பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும். இதற்கு வைத்தியம் மிக எளிது. ஒரு துணியை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். குளிர்ந்ததும் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும். காய்ச்சல் வந்தால் நம் நெற்றியில் ஈரத்துணி போடுவார்களே, அதேதான்! அந்தக் கால் மணி நேரத்தில் சாலையோரப் பனைமரத்தடியில் நுங்கு வெட்டித் தரச் சொல்லிச் சாப்பிடுவோம். வண்டி நிற்க வேண்டும் என்று நாங்கள் மனசுக்குள் வேண்டிக்கொண்டது அப்பாவுக்குத் தெரியாது.

செங்கல்பட்டு தாண்டியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். வண்டலூர் வரப்போகிறது! ஜி.எஸ்.டி. சாலையில் தொழிற்சாலையைத் தாண்டும்போது, முதல் பயணத்தில் அப்பா கையைக் காட்டி, 'இங்கேதான் நம்ம வண்டி செஞ்சாங்க' என்றார். உடனே அப்பத்தா, 'அப்படின்னா இது அதுக்குப் பொறந்த வீடு. பொறந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு குரல் கொடுக்காமப் போகலாமா?' என்றார். அப்பா சிரித்துக்கொண்டே இரண்டு தடவை ஹாரன் அடித்தார். 'பீப் பீப்!' அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு. வாசலில் நின்ற காவலாளி ஒருமுறை எங்களைப் பார்த்துக் கை அசைத்தார்.

தாய்வீடு மூடியது

இங்கிலாந்தில் ஹெரால்டு தயாரிப்பு 1971இலேயே முடிந்துவிட்டது. சென்னையில் அதன் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றி 'கசெல்' என்ற பெயரில் 1977 வரை செய்தார்கள். கசெல் என்பது ஒரு வகை மான். அதன் பிறகு வேன்கள். 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய, விலை உயர்ந்த கார் வந்தது. அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, நாட்டையே தன் பக்கம் திருப்பியிருந்தது. ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1980களின் இறுதியில் தொழிற்சாலை மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் ஹெரால்டில் சென்னைக்குப் போனது ஒரே ஒரு முறைதான். வாசல் கதவு பூட்டியிருந்தது. உள்ளே புல் வளர்ந்திருந்தது. அப்பா வழக்கம்போல் ஹாரன் அடித்தார். அப்பத்தா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தாம்பரம் வரும் வரை யாரும் பேசவில்லை.

தொழிற்சாலை மூடினால் ஓடுகிற காருக்கு என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? கார் நன்றாகத்தான் ஓடும், ஒரு பாகம் தேயும் வரை! தேய்ந்த பாகத்துக்குப் புதிது வேண்டுமே? கடைகளில் மீதி இருந்த பாகங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. அப்பா சென்னைக்கு ரயிலில் போய் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவார். புதிது கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் இடம் அது. ஒரு ரப்பர் வளையத்துக்காக இரண்டு நாள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்ததும் உண்டு. பாய் அந்த வளையத்தைப் பழைய லாரி டியூபிலிருந்து வெட்டிச் செய்தார். இப்படி எவ்வளவு நாள் ஓட்ட முடியும்?

1992இல் அடிச்சட்டத்தில் துரு பிடித்துவிட்டது. வெல்டிங் வைத்தும் நிற்கவில்லை. வண்டி வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குப் போனது. மேலே தார்ப்பாய். பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. இரண்டு வருடம் அப்படியே நின்றது. பழைய இரும்புக்காரர் வாரம் தவறாமல் வந்து, 'கிலோவுக்கு இவ்வளவு தர்றேன், எடுத்துக்கட்டுமா?' என்பார். அப்பா 'அப்புறம் பார்க்கலாம்' என்பார்.

ஒரு நாள் பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். 'சார், இதை எடைக்குப் போடாதீங்க. பிரிச்சுக் குடுத்தா நாலு ஹெரால்டு ஓடும்' என்றார்.

அப்பா பதில் சொல்லவில்லை. வாங்கிய நாளிலிருந்து கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவர் அல்லவா? மரத்தடியில் நின்றாலும் முழு வண்டியாக நிற்கிறதே என்று அவருக்கு ஓர் எண்ணம். அம்மாவும் வேண்டாம் என்றார். அக்கா கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து கடிதம் எழுதினாள், அவளும் வேண்டாம் என்று. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவோம். ஒரு மாதம் போயிற்று. கடைசியில் அப்பத்தாதான் சொன்னார். 'ஓடறதுக்குன்னு பொறந்தது. கோழி அடையவா செஞ்சாங்க? குடுத்துடு.'

அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். பாயும் அவருடைய பையனும் வந்தார்கள். பூட்டும்போது எவ்வளவு எளிதோ, பிரிக்கும்போதும் அவ்வளவு எளிது. அரை இஞ்ச், ஏழு பதினாறு இஞ்ச் என்று இரண்டு ஸ்பானர்கள் இருந்தால் ஹெரால்டின் பாதி போல்ட்டுகள் கழன்று வந்துவிடும். துருப்பிடித்தவற்றுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். கூரை தனியாக வந்தது. கதவுகள் வந்தன. பானெட்டை நாலு பேர் தூக்கினோம். கழற்றிய போல்ட்டுகளை அப்பா தேங்காய்ச் சிரட்டைகளில் இடம் வாரியாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிப் போட்டார். மருந்துக் கடைக்காரர் கை அல்லவா!

கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். எஞ்சின் சென்னைக்குப் போனது. கியர் பாக்ஸ் கும்பகோணத்துக்கு. பானெட் காரைக்குடிக்கு. முன் கண்ணாடிதான் எல்லாவற்றிலும் அரிது. வளைந்த கண்ணாடி, உடைந்தால் வேறு கிடைக்காது. மதுரையிலிருந்து ஒருவர் அதற்காகவே வந்தார். வைக்கோல் வைத்து, இரண்டு போர்வை சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கைக்குழந்தையைப் போலக் கொண்டுபோனார். அவரிடம் அப்பா பணம் வாங்கவில்லை. துருப்பிடித்த அடிச்சட்டம் மட்டும் கடைசியாகப் பழைய இரும்புக்காரருக்குப் போனது. பின்சீட்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அது திண்ணைக்கு வந்தது. நாலு செங்கல் அண்டக்கொடுத்து, அதன்மேல் அதே பழைய சேலையை விரித்து, வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்காரும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், 'மெதுவா உக்காரு, ஸ்பிரிங் இருக்கு' என்பார்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தேன். கடைவீதியில் ஒரு வெள்ளை ஹெரால்டு எதிரே வந்தது. ஆனால் மூக்கு மட்டும் நீலம்! பெயின்ட் அடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே இருந்த சின்ன நசுங்கல்கூட அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுத் தூணில் அந்த வண்டி இடித்த தடம் அது.

இன்று ஹெரால்டைப் பார்க்க முடியுமா? முடியும். சென்னை போன்ற ஊர்களில் பழைய கார்களை வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அவற்றை வரிசையாக ஊர்வலம் விடுவார்கள். அதில் பார்க்கலாம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. கசெல் வருவதற்கு முன்னால் தயாரான ஹெரால்டுகள் எல்லாவற்றுக்கும் அந்த வயது ஆகிவிட்டது. பழைய கார்கள் பொதுவாக எப்படி இருந்தன என்று பார்க்க விரும்பினால், கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் போய் வரலாம்.

எங்கேயாவது ஒரு ஹெரால்டைக் கண்டுவிட்டால் சும்மா பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சொந்தக்காரரிடம் போய், 'அங்கிள், பானெட்டைத் திறந்து காட்டுவீங்களா?' என்று கேளுங்கள். அவர் அதற்காகவே காத்துக்கொண்டிருப்பார். திறந்ததும் பிளக் ஒயர்களைப் பார்த்து, 'ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு' என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஒரு ரவுண்டு அழைத்துக்கொண்டு போகாமல் விட மாட்டார்!